ஒரு நிமிடமும் நிற்காத சர்வர்

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று மதியம் ஆபீசில் சின்னக் கலவரம். எந்த ரத்த வங்கியில் என்ன ரத்தம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரிகள் தேடுவது எங்கள் மூன்று சர்வர் கம்ப்யூட்டர்களில்தான். ஒன்றில் ரத்த இருப்புப் பட்டியலே அழிந்துபோனது. தேட எதுவும் இல்லாததால் அது எதைக் கேட்டாலும் சட்டென்று "இல்லை" என்றது. வேலையைப் பங்கிடும் மெஷினோ, இதுதான் வேகமாகப் பதில் சொல்கிறது என்று எல்லாக் கேள்விகளையும் அதற்கே தள்ளியது.

மேனேஜரிடம் ஓடினேன்.

"திரையில எல்லாம் பச்சையாத்தானே இருக்கு? மேலேருந்து அனுமதி வரட்டும், கை வைக்காதே."

"அதுக்குள்ள யாராவது செத்துட்டா, சார்?"

"அது உன் வேலை இல்லப்பா."

நானே அந்த சர்வரைக் கழற்றிவிட்டேன். மற்ற இரண்டும் திணறினாலும் உண்மையைச் சொல்லின.

இன்று, "சர்வர் ஒரு நிமிடமும் நிற்கவில்லை" என்று எழுதிய தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நிற்கவில்லைதான். நாற்பது நிமிடம் பொய் சொல்லிக்கொண்டே ஓடியது. அதை எழுதாமல் நான் போடமாட்டேன்.

பீரோவில் இருக்கும் என் சான்றிதழ்களைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி தம்பியிடம் சொல்லுங்கள். சும்மாதான். அப்பாவுக்குத் தெரியவேண்டாம். முடிந்தால் சாயங்காலம் போன் செய்யுங்கள், பேச விஷயம் இல்லாவிட்டாலும். மேனேஜர் கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் பெரியவன்