மே ஒன்பது, மதியம் இரண்டரை

வேக்ஃபீல்டு
14 ஜூன் 1998

கிளைவுக்கு,

இருபத்தைந்து வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், போதும்.

உன் அழைப்பு வியாழக்கிழமை வந்தது. தடித்த அட்டை, ஓரத்தில் தங்கக் கோடு. செப்டம்பரில் உங்களிடம் சொலிசிட்டர் பயிற்சிக்குச் சேரும் நான்கு பேருக்கு விருந்தாம். அதில் 'நம் காலத்துப் பயிற்சி' பற்றி நீ பேசுவாயாம். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டுமாம். நம் காலமா? அது உன் காலம், கிளைவ்.

1971இல் ஒரே காலையில்தான் இருவரும் ஆக்கன்ஷா அண்ட் பீவர் சட்ட அலுவலகப் படியேறினோம். நான் சட்டத்தில் முதல் வகுப்பு. நீ மூன்றாம் வகுப்பு, அதுவும் இரண்டாவது முயற்சியில். முதலாளி பீவர் நம்மை ஒரு நிமிடம் பார்த்தார். உன் மேஜையைத் தன் அறையிலேயே ஜன்னலோரம் போடச் சொன்னார். என்னைக் கொதிகலனை ஒட்டிய அறைக்கு, தலைமை எழுத்தர் மிஸ் கிரீன்வுட்டிடம் அனுப்பினார். அந்த அம்மாள் பத்திரத்தை என் முன்னால் தள்ளி, "ஒரு வார்த்தை விடாம வாசி தம்பி, நான் நகலைப் பாத்துக்கறேன்" என்பார். இரண்டு வருடம் வேலியும் ஓடையும் வடக்கெல்லையுமாக வாசித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீயும் பீவரும் கட்சிக்காரரோடு சிரிக்கும் சத்தம் கேட்கும். நீதிமன்றத்துக்கு உன்னைத்தான் கூட்டிப்போவார். மதியச் சாப்பாட்டுக்கும் உன்னைத்தான். வாயில் வறுத்த இறைச்சியின் வாசனையோடு என் அறையில் எட்டிப் பார்த்து, "உனக்கென்னடா மால்கம், மூளை இருக்கு, பொழச்சுக்குவே" என்பாய்.

பிறகு ராம்ஸ்டன் விவகாரம். கம்பளி மில் இயந்திரத்தில் இரண்டு விரலை இழந்த மனிதர். விபத்து நடந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் பதிய வேண்டும், ஒரு நாள் தவறினாலும் வழக்கு செத்தது. நீயோ விபத்துத் தேதியை விட்டுவிட்டு, அவர் இரண்டாம் முறை மருத்துவமனையில் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினாய். கெடு தேதிகளுக்கென்று இருந்த சிவப்புப் புத்தகத்தில் மே 19 என்று எழுதினாய். உண்மையான கெடு மே 9.

பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை ஒருவருக்குத்தான் இருந்தது. அந்தத் தப்பைச் செய்த உன்னைப் பீவர் வைத்துக்கொண்டார். ஒரு தப்பும் செய்யாத என் கையைக் குலுக்கி அனுப்பினார். இன்று கதவில் உன் பெயர் இருக்கிறது. நான் நகராட்சியில் குப்பை ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் என்று நீயாவது சொல்.

மால்கம் ஹோல்ராய்ட்


ஹாலிஃபாக்ஸ்
21 ஜூன் 1998

அன்பு மால்கம்,

திட்டியாவது எழுதினாயே, அதுவே சந்தோஷம். முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இரண்டும் போய்விட்டது.

ஜன்னலோர மேஜை உன் மனதில் இத்தனை காலம் கிடந்தது எனக்குத் தெரியாது. என்மேல் நம்பிக்கை இல்லாததால்தான் பீவர் என்னைக் கண்ணெதிரில் வைத்திருந்தார். நான் எழுதிய எந்தக் கடிதமும் மூன்று தடவை சிவப்பு மை படாமல் வெளியே போனதில்லை. உன் வேலையை அவர் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

தப்பை நான் கண்டுபிடித்தது பத்தாம் தேதி காலையில். நேரே போய்ப் பீவரிடம் சொன்னேன். மூட்டை கட்டச் சொல்வார் என்று நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தப்பு பண்ணாத சொலிசிட்டரை நான் பாத்ததில்லப்பா. ராம்ஸ்டன் வீட்டுக்கு நீயே போய்ச் சொல்லிட்டு வா" என்றார். போனேன். விஷயத்தைக் கேட்ட பிறகும் அவர் மனைவி எனக்குத் தேநீர் கொடுத்தாள். அதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. ராம்ஸ்டன் நம் நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டு, இன்னும் இரண்டு வருடம் அலைந்துதான் இழப்பீடு வாங்கினார்.

ஏன் என்று கேட்டாய். உனக்கு வலிக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த வேலையை உனக்கென்றுதான் முடிவு செய்திருந்தார். உன் நியமனக் கடிதம் தட்டச்சாகி அவர் இழுப்பறையில் இருந்ததாம். ஓய்வு பெற்ற அன்று என்னிடம் சொன்னார்: "மூளைக்காரனுக்கு எங்கேயும் வேலை கெடைக்கும். தானா வந்து ஒத்துக்கறவன் எனக்குக் கெடைக்க மாட்டான்." ராம்ஸ்டன் விவகாரம் நடக்காதிருந்தால் கதவில் இருப்பது உன் பெயர்.

விருந்தில் அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அந்த வழக்குக் கோப்பை இன்னொருவர் கண்ணில் காட்டியிருந்தால் ராம்ஸ்டன் தப்பித்திருப்பார் என்று முடிக்க நினைக்கிறேன். நீ அன்று அதைப் பார்த்திருந்தால் ஓடிவந்து சொல்லியிருப்பாய் அல்லவா?

கட்டாயம் வா.

என்றும் உன்
கிளைவ்


வேக்ஃபீல்டு
2 ஜூலை 1998

கிளைவ்,

பார்த்தேன்.

ஒன்பதாம் தேதி நீயும் பீவரும் சாப்பிடப் போயிருந்தீர்கள். வழக்குரை எழுதிப் பழக ஒரு மாதிரி வேண்டும் என்று உன் மேஜையிலிருந்து ராம்ஸ்டன் கோப்பை எடுத்துவந்தேன். மில்லின் விபத்துப் பதிவேட்டு நகல் அதில் இருந்தது. தேதியை மூன்று முறை படித்தேன். அப்போது மணி இரண்டரை. நீதிமன்ற அலுவலகம் பத்து நிமிட நடை, நான்கு மணிவரை திறந்திருக்கும். மனு தயாராகவே இருந்தது.

அந்நேரம் நீங்கள் படியேறி வந்தீர்கள். "இந்தப் பய இல்லாம எப்படித்தான் காலம் தள்ளினேனோ" என்று பீவர் யாரிடமோ சொன்னார். நான் கோப்பின் நாடாவைக் கட்டினேன். நீ கோட்டு மாட்டப் போன சமயத்தில் அதை உன் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். என் முகத்தைப் பார்த்து மிஸ் கிரீன்வுட், "என்ன தம்பி, ஏதாவது சொல்லணுமா?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். நான்கு மணி அடிக்கும்வரை பத்திரம் வாசித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை.

உன்னைத் துரத்துவார்கள் என்றுதான் காத்திருந்தேன். ராம்ஸ்டனின் கை என் நினைவுக்கே வரவில்லை.

இழுப்பறையில் இருந்த என் கடிதத்தைப் பத்து நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் வேலையைப் பறித்தவன் நீ என்று நம்பியே இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன். இப்போது அந்த ஆறுதலும் போயிற்று. இதைப் படித்துவிட்டு நீ என்னை மன்னித்துவிடுவாய். மூன்றாம் வகுப்புக்காரனுக்கு அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று இந்த நிமிடமும் எரிச்சலாக இருக்கிறது.

கதையைச் சொல். முடிவை மட்டும் மாற்றிக்கொள். இன்னொருவன் கண் அந்தக் கோப்பைப் பார்த்தது, பார்த்தவன் பேசவில்லை. என் பெயரைச் சொன்னாலும் சரி, விட்டாலும் சரி. அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வை.

கீழே பெயர் எழுத இரண்டு முறை பேனாவைக் கொண்டுபோனேன். நகராட்சிக் கடிதங்களில் தினமும் முப்பது தடவை போடுகிற கையெழுத்து, இதன் கீழே வர மறுக்கிறது. தெருமுனைப் பெட்டியில் ஐந்து மணிக்குத் தபால் எடுப்பார்கள். இப்போது நாலே முக்கால். வருகிறதா என்று காத்திருந்தால் இதைக் கிழித்துவிடுவேன். கையெழுத்து இல்லாமலே போட்டுவிடுகிறேன்.