குட்டிக்கோஸும் ஆட்டுக்கொட்டாயும்

டிசம்பர் 14, ஞாயிறு

பனி. எதிர் வூடு தெரியல, அங்க கோழி கத்துறது மட்டும் கேக்குது. முதல் வேலை: அடுப்புச் சாம்பல் சலிச்சுச் செடிங்களுக்குத் தூவல். இலைக்கு அடியில அசுவினிப் பூச்சி. சந்தைக்கு வந்த மாதிரி கூட்டம்.

சமையல்கட்டுக்குப் பின்னால வேலி வரைக்கும் உள்ள துண்டு, என் ராஜ்ஜியம். விதை அக்கா கொடுத்தது. பெங்களூர்ல ஓட்டல் சமையல் வேலை அவளுக்கு. ஆடிக்கு வந்தப்ப பாக்கெட்டோட வந்தா. பேரு பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ். சொன்னா நாக்கு சுளுக்கிக்கும். அதனால குட்டிக்கோஸ். இன்னும் சோம்பேறித்தனமா, கு.கோ.

செடி இடுப்பு உசரம் வந்தாச்சு. உச்சியில கோஸ் இல்ல, இலைதான். தண்டுல, ஒவ்வொரு இலை இடுக்குலயும் நெல்லிக்கா சைஸ்ல கோஸ் வருமாம். அக்கா சொன்னா. நான் வூட்ல சொன்னேன். ஒருத்தரும் நம்பல. போன வருஷம் பக்கத்து வூட்டுப் பெரியம்மாவோட எலுமிச்ச மரத்துல தக்காளிய நூல்ல கட்டித் தொங்க விட்டேன் இல்ல, அதான். மேல் ஊர்ல இருந்தெல்லாம் வந்து பாத்தாங்க. ஒருத்தர் கற்பூரம் கொளுத்திட்டாரு. அதுல இருந்து நான் மழை வருதுன்னு கத்தினாலும் அம்மா வெளிய கைய நீட்டிப் பாத்துட்டுதான் துணி எடுக்கும்.

அப்பா வெச்ச கெடு: "பொங்கலுக்குள்ள அதுல ஒண்ணும் காய்க்கலன்னா புடுங்கிப் போட்டுட்டு ஆட்டுக்கொட்டாய் கட்டிடுவேன். ஆடு ரெண்டும் சினை. குட்டிங்க பனியில வெறைக்கும்."

நியாயம்தான். அதான் கோவமே வருது.

டிசம்பர் 17, புதன்

கணக்குப் பரீட்சை. செடியில கோஸ் வரலன்னாலும் பேப்பர்ல முட்டை வந்துடும் போல.

வூட்டுக்கு வந்தா, கொலை. செடிங்க தலையில கொண்டை இல்ல. அம்மா கிள்ளிடுச்சு. தட்டுல சாமைச் சோறு, பக்கத்துல பச்சையா பொரியல்.

"இன்னாம்மா பண்ண?"

"இன்னா பண்ணாங்க? பூவும் இல்ல, காயும் இல்ல. கொழுந்து சும்மா தளதளன்னு நிக்குது. பூசணிக் கொழுந்து கிள்றது இல்ல? அது மாதிரிதான்."

"அது கீரை இல்லம்மா!"

"வாயில போட்டுட்டுச் சொல்லு."

போட்டேன். நல்லா இருந்துச்சு. அதைத்தான் தாங்க முடியல.

எங்க ஊர்ல சட்டம் ஒண்ணுதான்: கொழுந்தா இருக்குறதெல்லாம் கொழம்புக்கு. வேலியோரச் செடி ஒண்ணு மட்டும் அவரைக் கொடிக்குப் பின்னால ஒளிஞ்சு தப்பிச்சிருக்கு. புத்திசாலி.

அழல. கண்ணுல சாம்பல்.

சிக்னலுக்காகப் பாறை மேல ஏறி அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கல. அப்புறம் குரல் மட்டும் அனுப்பினா, பின்னால பாத்திரச் சத்தம். "நுனி போச்சுன்னா வளராதேடி! எனக்கு வேக வெக்கத்தான் தெரியும், வளக்கத் தெரியாது."

புடுங்க மனசு வரல. தண்ணி ஊத்தினேன். துக்க வூட்ல காபி ஊத்துற மாதிரி.

டிசம்பர் 23, செவ்வாய்

பரீட்சை ஓவர்! தேங்கா எண்ணெய் கல்லாட்டம். பாட்டில வெயில்ல வெச்சா பாட்டில் இருக்கு, வெயிலக் காணோம்.

வாங்கணும்: கிளிப், ஷாம்பு, கொட்டாய் கட்டக் கயிறு (இது அப்பா சொன்னது, மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம்).

மூங்கில் வெட்டியாச்சு. என் துண்டு ஓரமா சாத்தி வெச்சிருக்காரு. வரிசையா பல்லக் காட்டுது.

கீழ் இலைங்க மஞ்சளாயிடுச்சு. ஒடிச்சு ஆட்டுக்குப் போட்டேன், எதிரிக்கே விருந்து. ஒடிச்ச இடத்துக்கு மேல என்னமோ உருண்டையா. பட்டாணி அளவு. தொட்டேன். கெட்டி! அடுத்த இடுக்கு, அங்கயும்! அடுத்தது!

"அம்மா! கோஸு!"

உள்ள இருந்து: "ஆரம்பிச்சுட்டா."

ஜனவரி 3, சனி

வெயில் வந்துச்சு, எட்டிப் பாத்துச்சு, போயிடுச்சு.

பட்டாணி எல்லாம் கோலிக்குண்டு ஆயிடுச்சு. பெரியம்மா கண்ணாடி மாட்டிக்கிட்டு வந்தாங்க. தண்டச் சுத்தி விரலால தடவித் தடவிப் பாத்தாங்க.

"இன்னா பெரிம்மா தேடுறீங்க?"

"நூலு."

"நூல் இல்லீங்க."

"அப்ப பசை போட்டு ஒட்டினியா?"

ஒண்ண இழுத்தாங்க, வரல. முறுக்கினாங்க, பட்டுனு கையோட வந்துச்சு. மோந்து, கடிச்சு, "அடியே, கோஸுடி!" குரல் மேல் ஊருக்கே கேட்டிருக்கும்.

அம்மா ஓடியாந்து பாத்துட்டு, கொஞ்சமும் கூசாம: "நான்தான் நுனி கிள்ளி விட்டேன் பெரிம்மா. அப்பத்தான கீழ திரளும்."

பொய்! பச்சைப் பொய், கீரைக் கலர்ல! ஆனா வேலியோரச் செடியப் பாத்தேன். கொண்டையோட ராணி மாதிரி நிக்குது, இடுக்குல எல்லாம் மிளகு சைஸ். வாய மூடிக்கிட்டேன். போய் ராணி கொண்டையையும் கிள்ளினேன். நான் யாரு மாதிரின்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது.

சாயங்காலம் அப்பா குனிஞ்சு பாத்தாரு. "இத்துனூண்டு இருக்குது. இதுக்கா ஒரு துண்டு நெலம்?"

மூங்கில் அதே இடத்துல.

ஜனவரி 11, ஞாயிறு

மேகம். இந்த வாரம் பொங்கல். இன்னிக்கு விட்டா இல்ல.

கீழ இருந்து மேலயா பறிச்சேன். முறுக்கினா டப்புனு ஒரு சத்தம், செம. பெருசு மட்டும்தான். மேல இருக்கிற பொடிசுங்க வளரட்டும். ரெண்டா வெட்டி, கடுகு, காஞ்ச மொளகா, தேங்கா. சமையல் நான்தான். உப்பு மட்டும் அம்மா, என்னை நம்பல.

அப்பா ஒரு வாய் வெச்சாரு. அந்த வாயையே பாத்துக்கிட்டிருந்தோம்.

"கசக்குது."

போச்சு.

"லேசாத்தான். பாவக்கா சாப்டுறவனுக்கு இது இன்னா?" தட்ட நீட்டினாரு.

கை கழுவிட்டு நேரா பின்னால போனாரு. மூங்கிலத் தூக்கினாரு. அந்தப் பக்கம், கோழிக் கூண்டுகிட்ட கொண்டுபோய்ப் போட்டாரு. "ஆடு இங்கயே இருக்கட்டும். வெயிலும் விழுது."

அப்புறம் என்னைக் கேட்டாரு. என்னை! "இது மேல் கொல்லியிலயும் வருமா?"

மேல் கொல்லின்னா சாமை அறுத்துட்டுச் சும்மா கெடக்குற எங்க நெலம். தண்ணி கம்மி, காத்து ஜாஸ்தி. 'சூப்பரா வரும்ப்பா'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"தெரியலப்பா."

என் மூஞ்சிய உத்துப் பாத்தாரு.

"நீயே தெரியலன்றியா? அப்ப நெசந்தான். ஆடிக்கு ரெண்டு வரிசை போட்டுப் பாப்பம்."

ரெண்டு! நாலு கேக்கணும்.