கூழ்ப் பானையில் விழுந்த பூதம்

ஐப்பசி 9, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. என் வீட்டுக்காரர் போய் இன்று ஏழாம் நாள். வழியில் பைக்கை நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். அவ்வளவுதான்.

கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். கற்பூரம், விளக்கெண்ணெய்.

சேலம் ஸ்டுடியோ பிரவீன் கூப்பிட்டான். துக்கம் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தான். பிள்ளைகளுக்கான ஆடியோ கதை, பன்னிரண்டாவது பாகம், கடைசி. எல்லார் குரலும் வந்துவிட்டதாம். குடுவையான் மட்டும் பாக்கி.

"முடியலன்னா பரவால்லீங்க்கா. வேற ஒரு அக்கா இருக்காங்க, அவங்கள வெச்சு முடிச்சுக்கறோம். வெள்ளிக்கிழம ஏத்தணும்."

குடுவையான், என் நோட்டில் எப்போதும் கு. குடுவைக்குள் வாழும் சுண்டைக்காய்ப் பூதம். இளவரசியின் இடுப்பில் தொங்கிக்கொண்டு மலை மலையாகப் போகிறவன். பல்லியைக் கண்டாலும் பயம். பாகத்துக்குப் பத்து வசனம் இருந்தால் அதிகம். ஆனால் பதினோரு பாகமும் கு. நான்தான்.

"நானே தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 10, புதன்

தூறல் விடவில்லை. ஸ்கிரிப்ட் போனில் வந்தது. பதினோரு வசனம். பத்து சுலபம். மற்றது: கு. கூழ்ப் பானைக்குள் விழுந்து, எழுந்து, தன்னையே பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். அரை நிமிடம்.

சிரிப்பா! இந்த வீட்டிலா!

வயலில் மோட்டார் ரூம் இருக்கிறது. அங்கே எவ்வளவு சிரித்தாலும் கேட்காது. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நான் வாசல்படி தாண்டக் கூடாது.

அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். மகன் போன பிறகு என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

"பதினாறு முடியட்டும்."

"அதுக்குள்ள வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க அத்தை."

"குடுக்கட்டும். எம் பையன வெச்ச மண்ணு ஈரங்கூட காயல. நீ சிரிச்சுக்கிட்டு ஒக்காந்தா ஊரு காறித் துப்பாது? வூட்டுல ஒரு சிரிப்புச் சத்தம் கேக்கக் கூடாது, ஆமா."

அவர் சொல்வதில் தப்பில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இனி இந்த வீட்டில் நான் தாலி இழந்தவள், அது மட்டும்தான். கு.வையும் கொடுத்துவிட்டால் வேறு யாராகவும் இருக்க முடியாது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நிஜம்.

ஐப்பசி 11, வியாழன்

மழை நின்றது. காலையிலிருந்து துக்கம் கேட்க ஆட்கள். கடத்தூர் சித்தி, அதாவது அத்தையின் தங்கை. பொம்மிடியிலிருந்து நாலு பேர்.

"பாவம், நாப்பத்தோரு வயசு ஒரு வயசா."

"பஸ்ஸு அஞ்சரைக்குத்தான?"

மத்தியானம் எல்லாரும் கூடத்தில். நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தி, கம்பளியைத் தலையோடு போர்த்தி, போனும் மைக்கும். பத்து வசனம், மெல்லிய குரலில், தடங்கல் இல்லாமல். பிறகு சிரிப்பு.

முதல் டேக் இருமல். இரண்டாவது அழுகை, அழித்தேன். மூன்றாவது ஹிஹி என்று ஒரு பொய்.

நாலாவதில் அவர் வந்துவிட்டார். போன நடவில் வெள்ளை வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டாமல், "டேய், எங்கூட்டுக்காரிய கூப்புடுங்கடா" என்று கத்தினாரே, அது. பிய்த்துக்கொண்டு வந்தது சிரிப்பு. அச்சு அசல் கு.வின் சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை.

கூடத்தில் பேச்சு நின்றுபோனது.

"யாரு உள்ள சிரிக்கறது?" கடத்தூர் சித்தி. "அவளா? புருசன் போயி பத்து நாள் ஆவல, சிரிப்பு கேக்குதா அவளுக்கு?"

கம்பளிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். செத்தேன் என்று நினைத்தேன்.

"நாந்தான் சிரிக்கச் சொன்னேன்." அத்தையின் குரல்.

அத்தையே தொடர்ந்தார்.

"அது அவ தொழிலு. கொழந்தைங்க கேக்கற கதை. போயி சிரிச்சுக் குடுத்துட்டு வா புள்ளன்னு நேத்தே சொல்லிட்டேன். உனக்குக் காபி போடட்டுமா வேணாமா, அதச் சொல்லு."

நேற்று அவர் என்ன சொன்னார் என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கட்டிலில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு அத்தை."

"எப்பிடி வந்துச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அவரு சேத்துல ஒக்காந்தாரே, வெள்ள வேட்டியோட. அத நெனச்சுக்கிட்டேன்."

அத்தை முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். அப்படியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், வெளியே கேட்காமல்.