நெருப்புக்குப் பதிலாக ஒரு வில்லன்

பவானிபூர், 12.3.2005

விவேக்,

நீ சொன்னாயே என்று அப்பாவைப் பற்றிய படத்தின் ஷூட்டிங் பார்க்க கார்டன் ரீச் கப்பல்துறைக்குப் போய்வந்தேன். ஒன்பது வருடம் இழுத்து, மூன்று கதாநாயகர்கள் மாறி, இப்போதுதான் முடிக்கிறார்கள்.

எரிகிற கப்பலுக்குள் போய் ஆட்களை வெளியே இழுத்துவந்த தீயணைப்புக்காரர் உன் அப்பா. படத்தில் அவர் கையில் துப்பாக்கி. அப்பா இறந்த அன்று அவர் கூடவே உள்ளே போய், இரண்டு கையும் வெந்து, அவர் உடலைத் தூக்கிவந்த பிரிட்டோதான் வில்லன். பெயரைக்கூட மாற்றவில்லை. படத்தில் பிரிட்டோ உன் அப்பாவை நெருப்பில் தள்ளிவிடுகிறாராம். அதை எடுத்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

டைரக்டரிடம் கேட்டேன்.

"நெருப்போட எப்படிம்மா ஃபைட் எடுக்கறது? ஹீரோ அடிக்க ஒரு ஆள் வேணாமா? உங்க பையன் கதையப் படிச்சிட்டுத்தானே கையெழுத்துப் போட்டாரு!"

அவர் நீட்டிய டீயைத் தொடாமல் எழுந்து, நேராகப் பிரிட்டோ வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வாங்க மதினி. எனக்கு முன்னாடியே தெரியும். விவேக் போன் பண்ணான். 'சும்மா சினிமாதான மாமா'ன்னான்."

மாமா என்று வேறு கூப்பிட்டிருக்கிறாய்.

எனக்கு டிக்கெட் அனுப்பாதே. படம் வருகிற அன்று நான் பிரிட்டோ வீட்டில் இருப்பேன்.

அம்மா