சாம்பியனின் கால் அளவு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அத்தையும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முதுகுவலி குறைந்ததா? என் கால் வீக்கம் நின்றுகொண்டே இருப்பதால் வருவதுதான், உட்கார்ந்தால் போய்விடும். உட்காரத்தான் நேரமில்லை.

போன வாரம் எங்கள் பௌலிங் கூடத்தில் தேசிய பௌலிங் சங்கம் சாம்பியன் போட்டி நடத்தியது. பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். நான் எப்போதும்போல வாடகை ஷூ கவுண்டரில் நின்றேன். இறுதிச் சுற்றில் ஆடிய ஒரு பெண் சிந்திக் கிடந்த தண்ணீரை மிதித்துவிட்டாள். பந்தை விடும்போது கால் தரையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்; ஈரமான ஷூ வழுக்காமல் ஒட்டிக்கொண்டு ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். சங்கத்து அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம்தான், இல்லன்னா ஆட்டம் போச்சு" என்றார். நான் அவள் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு ஜோடியை எடுத்து நீட்டினேன். கச்சிதமாக இருந்தது. அதே ஷூவில் கோப்பையும் வாங்கிவிட்டாள்.

திருப்பிக் கொடுக்கும்போது, "அளவே கேக்கலையே, எப்படிக்கா?" என்றாள்.

"நாள் முழுக்க காலைத்தானே பாக்கறேன்" என்றேன்.

மறுநாள் பாப்பாவுக்கு ஷூ வாங்கப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார். சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பாப்பாவைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். இரண்டு காலும் வேண்டும். மேனேஜர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். பாதத்தில் ஏதாவது பட்டால் கூச்சத்தில் நெளிவாளே, இன்னும் அப்படித்தானா என்று மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா