வெள்ளை ரொட்டிப் படைப்பிரிவு

மிடில்பர்க், நெதர்லாந்து,
9 நவம்பர் 1971

மதிப்பிற்குரிய ஆர்னுல்ஃப் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது?

உலகப் போரில் நீங்கள் காவல் காத்த கடற்கரையில்தான் உங்கள் படைப்பிரிவின் வரலாற்றை எழுதி வருகிறேன். வயிற்று நோயாளிகளைச் சேர்த்து, வெள்ளை ரொட்டி கொடுத்து வைத்திருந்த பிரிவு அல்லவா? அன்று உங்களுக்கு அறை கொடுத்த நேல்ட்யே நேற்று விழுந்து விழுந்து சிரித்தாள்: "புண்ணா, அவருக்கா? மச்சினனோட எக்ஸ்ரேயைக் காட்டித்தான் இங்க வந்தேன்னு சொல்லிக்கிட்டே பொரிச்ச மீனா முழுங்குவாரே, அக்கா!"

அந்த எக்ஸ்ரேயை உங்களிடம் பறிகொடுத்த என் தம்பி, நோயற்றவன் என்று ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு இறந்தான். உங்களுக்கு நான் இருபத்தைந்து ஆண்டுகள் உப்பில்லாக் கஞ்சி காய்ச்சினேன்.

என் குளிர்கால மேலங்கியையும் தம்பியின் புகைப்படத்தையும் அனுப்பிவையுங்கள். இனி இங்கேயே இருப்பேன். தபால் வண்டி வந்துவிட்டது. மீன் பொரிக்கும் சட்டி மேல்தட்டில் இருக்கிறது.

எல்ஃப்ரீடே