புழக்கடைக் கதவின் ஆணிகள்

மயிலாப்பூர்,
1933 ஆகஸ்டு

ரங்கூனில் இருக்கும் என் மச்சான் ஹபீபுர் ரஹ்மான் அவர்களுக்கு வஜீஹா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் நானும் நம் பிள்ளைகளும் சுகம். அங்கே மழை ஓயவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஈரத் துணியோடு கடையில் உட்காராதீர்கள். இருமல் வந்தால் கஷாயம் வைத்துத் தர அங்கே யார் இருக்கிறார்கள்?

கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பதற்கு மாதர் சங்கத்தார் கச்சேரி ரோட்டில் ஓர் அறை எடுத்ததை முன்பே எழுதினேன். நல்ல மனசுதான். ஆனால் எடுத்த இடம் காப்பிக் கிளப்புக்குப் பக்கத்தில். வாசலில் ஒரு திரையைக் கட்டிவிட்டு, அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் வருவார்கள் என்று காத்திருந்தார்கள். காப்பிக் கிளப் பெஞ்சில் நம் தெரு ஆண்களே வரிசையாக உட்கார்ந்திருக்க, எவள் போவாள்? சங்கத்து நர்ஸ் சொர்ணம் என்னிடம் வந்து, "இன்னா பீபீ, ஈ ஓட்டிக்கினு உக்காந்துகினு கீறேன்" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

எனக்கு நம் புழக்கடை ஞாபகம் வந்தது. தெருவில் கால் வைக்காமல், பின்கதவுக்குப் பின்கதவாக நம் வரிசைப் பெண்கள் போய்வருவது இன்று நேற்றா? வியாழக்கிழமைகளில் நம் கூடத்தைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபிக்காதீர்கள். இப்போது கூடம் கொள்ளவில்லை. பீர் முஹம்மதின் நோஞ்சான் பையன்கூட சங்கத்துப் பாலில் தேறி, போன வாரம் என் புது ஜமக்காளத்தை நனைத்துவிட்டான்.

வராதவள் ஒருத்திதான். அடுத்த வீட்டு அமீனா பீ, உங்கள் அண்ணன் மகள். பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். நார்த்தை மரக் கிளை ஒன்றுக்காக அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு, கப்பல் ஏறுவதற்கு முன் இரண்டு புழக்கடைக்கும் நடுவிலுள்ள கதவில் ஆணி அடித்துவிட்டுப் போனீர்களே, அந்தக் கதவுக்கு அப்பால் நின்று பேசினாள். "சாச்சி, காலு வீங்கிக்கினே போவுது. கண்ணு இருட்டுது. போன தபாவும் இப்டித்தான் ஆச்சு" என்றாள்.

சொர்ணத்தை அவர்கள் முன்வாசலுக்கு அனுப்பினேன். "அவன் ஊட்டுக்கு வர்ற நர்ஸு என் வாசப்படி ஏறக் கூடாது" என்றாராம் உங்கள் அண்ணன் ஷரஃபுதீன். கதவையாவது திறக்கலாமே என்று ஆள் விட்டுக் கெஞ்சினேன். "ஆணி அடிச்சவன் அவன். அவனே வந்து புடுங்கட்டும்" என்று பதில் வந்தது. நீங்கள் இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். கடிதம் கடல் தாண்டிப் போய்ப் பதில் வருகிற வரைக்கும் அந்தப் பெண்ணின் உடம்பு பொறுத்திருக்குமா? சுத்தியலை எடுத்து நானே பிடுங்கினேன். உள்ளங்கை கன்றிவிட்டது. அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாளை அமீனாவே திறந்தாள். என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன். சொர்ணம் அன்றே சங்கத்து லேடி டாக்டரை அழைத்துவந்து காட்டினாள். உப்பை நிறுத்திப் படுக்கவைத்திருக்கிறார்கள். வீக்கம் வடிகிறது. ஆனாலும் பிள்ளை பிறக்கும் வரை பயம்தான் என்கிறார் டாக்டரம்மா.

அன்று மாலை உங்கள் அண்ணன் திறந்த கதவைப் பார்த்தார். சாத்தாமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் பார்த்தால், கதவருகே நம் பக்கத்தில் ஒரு கூடை நார்த்தங்காய் இருந்தது. ஊறுகாய் போட்டுவிட்டேன். ரங்கூனுக்கு வரும் ஆள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், கப்பலில் இங்கே வந்து சேர்வதற்குள் பாதி ஆறிவிடும். நீங்கள் அடித்த ஆணிகளை நான் தூக்கிப் போடவில்லை. துருவைத் துடைத்து, துணியில் முடிந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். நீங்கள் தோளில் தூக்கி வளர்த்த பெண் அவள். அவள் பிள்ளை அந்தக் கதவு வழியாக நம் வீட்டுக்குத் தவழ்ந்து வரவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்யுங்கள். ஊருக்கு வந்ததும் முதலில் அதன் முகத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகும் கேட்டால், ஆணியையும் சுத்தியலையும் நானே எடுத்துத் தருகிறேன்.

அந்தக் கதவருகிலேயே உங்களை எதிர்பார்த்திருக்கும்,
வஜீஹா